கண்ணை மூடிக்கொண்டு கம்போடியா

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாலு பேர் கம்போடியாவைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். நாலு பேருமே தங்கமான மனுசர்கள். யார் என்ன சொன்னாலும் தட்ட மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

நாலு பேருக்கும் தலைவர் பவுன்ராஜ் அண்ணாச்சி. பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கூட வந்தவர்கள் அவருடைய வீட்டம்மா சீனித்தாய், கடையில் பில் போடும் தீத்தாரப்பன், ஏணி ஏறி அண்டா குண்டா இறக்கிக் கொடுக்கும் காசிமாயன். ஜில்லாவிலேயே அதிகமாகக் குக்கர் விற்ற கடை என்று கம்பெனிக்காரர்கள் கொடுத்த பரிசு இந்தப் பயணம். அவ்வளவு குக்கர் எப்படி விற்றது என்று கேட்டால் அண்ணாச்சி ஒளிக்காமல் சொல்லுவார். கடைக்கு வருகிற யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தாராம். அதனால் விலாசம் விசாரிக்க வந்தவர், குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவர், தபால்காரர் என்று அத்தனை பேர் கையிலும் ஒரு குக்கரைத் திணித்து, பில்லையும் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

இவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றக் கிடைத்த வழிகாட்டியின் பெயர் வண்ணாக். கம்போடியாக்காரன். திருநெல்வேலியில் என்ஜினீயரிங் படிக்கப் போய், என்ஜினீயரிங்கை அங்கேயே விட்டுவிட்டுத் தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவன். அந்தத் தமிழைக் கற்றுக்கொடுத்தவர் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வைக்கும் இசக்கி மாஸ்டர். "புத்தகத்துல இருக்கிற மாதிரிப் பேசினா ஒருத்தனும் மதிக்க மாட்டான்டே. நாங்க பேசுற மாதிரி பேசு" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். வண்ணாக்கும் அப்படியே பேசினான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

வேலை கொடுத்திருந்த சொபியாப் அம்மையார் கறாரான ஆள். இது உனக்குச் சோதனைப் பயணம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். விருந்தாளிகள் வாயிலிருந்து ஒரு குறை வந்தாலும், அவன் அப்பாவின் செங்கல் சூளைக்குத் திரும்ப வேண்டியதுதான். வண்ணாக்குக்குச் செங்கல்லைக் கனவில் கண்டால்கூட முதுகு வலிக்கும்.

சியெம் ரீப்பில் விமானம் இறங்கியதும், மாலை போடாத குறையாக நாலு பேரையும் வரவேற்று வேனில் ஏற்றினான். வழியில் ஒரு ஓட்டலில் நிறுத்தி, பெட்டிகளைத் தெருவில் இறக்கி வைத்து, தங்க இடம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போகும்போது, பெட்டிமேல ஒரு கண் வச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வந்தால், நாலு பேரும் நடுத்தெருவில் குனிந்து, ஆளுக்கொரு பெட்டிமேல் ஒரு கண்ணை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் தள்ளி நடந்தார்கள்.

"வலிக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டான் வண்ணாக்.

"ஒரு கண்ணுதானே தம்பி" என்றார் அண்ணாச்சி. "இன்னொன்னு சும்மாதான் இருக்கு."

கோவில்பட்டியில் இதெல்லாம் ஒரு தமாஷ் போல என்று வண்ணாக் நினைத்துக்கொண்டான். சிரித்தும் வைத்தான்.

மறுநாள் காலையில் அங்கோர் வாட். திருவிழாக் கூட்டம். அகழி ஓரத்தில் நாலு பேரையும் நிறுத்தி வைத்து, யாரும் மிரள வேண்டாம், இது எனக்கு நல்லாப் பழகின இடம் என்று தைரியம் சொன்னான். சொன்னதோடு விட்டிருக்கலாம். "நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு என் பின்னால வரலாம்" என்றும் சொன்னான்.

சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். அகழிக்கு மேல் போகும் நீளமான கல்பாதை, தூரத்தில் தாமரை மொட்டு மாதிரி ஐந்து கோபுரங்கள். விஷ்ணுவுக்காகக் கட்டிய கோயில் எப்படிப் புத்தர் கோயில் ஆனது என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனான். பின்னாலிருந்து சத்தமே இல்லை. மெய்மறந்து போய்விட்டார்கள் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பின்னால் அண்ணாச்சி வண்ணாக்கின் பை வாரைப் பிடித்திருந்தார். அண்ணாச்சியின் சட்டையைச் சீனித்தாய், சீனித்தாயின் முந்தானையைத் தீத்தாரப்பன், தீத்தாரப்பனின் பெல்ட்டைக் காசிமாயன். எட்டுக் கண்ணும் இறுக்க மூடியிருந்தன.

பாற்கடல் கடைகிற சிற்ப வரிசை வந்ததும் வண்ணாக், இதைப் பாருங்க என்று சுவரைக் காட்டினான். அவனுக்குப் பின்னால் குசுகுசுவென்று ஒரு ஆலோசனை நடந்தது.

"பாருங்கன்னு சொல்றாரே அண்ணாச்சி" என்றான் தீத்தாரப்பன்.

"பாருங்கன்னுதான் சொன்னாரு. கண்ணைத் திறங்கன்னு சொல்லலையே."

"திறக்காம எப்படிப் பார்க்கிறது?"

"அதைப் பத்தி நமக்கென்ன. கூட்டிட்டு வந்தவருக்குத் தெரியாதா" என்றார் சீனித்தாய்.

எல்லோரும் மூடிய கண்ணோடு சுவர்ப் பக்கம் திரும்பி, பார்க்க வேண்டிய நேரம் வரைக்கும் பார்த்தார்கள்.

கடைசியில் நின்ற காசிமாயன் ஒரு திருப்பத்தில் பிடி நழுவி, எதன்மேலோ போய் முட்டிக்கொண்டான். பெரியவரே மன்னிக்கணும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அடிபட்டுவிட்டதா என்று தடவிப் பார்த்தான். காவலாளி விசில் ஊதினார். காசிமாயன் கலங்கிப் போனான்.

"அண்ணாச்சி, இங்க ஒருத்தருக்குத் தலையே இல்ல. கையும் இல்ல."

"வந்த இடத்துல அடுத்தவங்க குறையைச் சொல்லக் கூடாதுலே" என்றார் அண்ணாச்சி.

பின்வாசல் தாண்டி மரத்தடிக்கு வந்த பிறகுதான், கோயில் வந்தா சொல்லுங்க தம்பி, கண்ணைத் திறக்கோம் என்று அண்ணாச்சி கேட்டார். வண்ணாக் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. கண்ணைத் திறக்கச் சொல்லி, பின்னால் தெரிந்த கோபுரங்களைக் காட்டினான். இதுக்குள்ளயா போயிட்டு வந்தோம் என்று தீத்தாரப்பன் ஆச்சரியப்பட்டான். ஆனால் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. கல்லு நல்ல குளிர்ச்சி, வவ்வால் வாசம் அப்படியே நம்ம ஊர்க் கோயில் மாதிரி என்று சீனித்தாய் பாராட்டினார். மறுபடி உள்ளே போகலாம் என்று வண்ணாக் கூப்பிட்டதற்கு, ஒரு தடவை கும்பிட்டாச்சு, போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து ஒரு கிராமம். தூண்கள்மேல் தூக்கிக் கட்டிய மர வீடு. கீழே மாடு, கோழி, ஊஞ்சல் படுக்கை. வீட்டுக்காரர் தாரா என்ற விவசாயியும் அவர் மனைவியும் வாய் நிறையச் சிரித்துச் சோறு போட்டார்கள். காலையில் அவர்கள் நாற்று நடப் போவதால், ஆசை இருந்தா நீங்களும் போய் ஒரு கை குடுங்க என்று வண்ணாக் சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.

நாலு பேரும் முகம் வாடி உட்கார்ந்தார்கள்.

"எந்தக் கையைக் குடுக்க?" என்று கேட்டான் தீத்தாரப்பன். "வலது கையைக் குடுத்துட்டா நான் எப்படி பில் போடுவேன்?"

"இடது கையால குடுத்தா மரியாதை இல்ல" என்றார் சீனித்தாய்.

"திருப்பித் தருவாங்களா மதினி?" என்றான் காசிமாயன்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்தார். "சோறு போட்டவங்க கேட்டிருக்காங்க. குடுத்துருவோம். ஆனா, குடுத்த பிறகு திருப்பிக் கேக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லி எழுந்தார்.

வண்ணாக் வயலுக்குப் போனபோது, தாராவின் மனைவி தனியாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார். தாரா வரப்பில் நின்றார். அவருடைய இரண்டு கைக்குள்ளும் விருந்தாளிகளின் நாலு வலது கையும் இருந்தன. வந்தவர்கள் ஆசையாகக் கையைக் கொடுக்கும்போது தானாக எப்படி விடுவது என்று அவருக்குக் கூச்சம். கொடுத்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று இவர்களுக்குக் கூச்சம். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி, வெயில் ஏறுகிறவரைக்கும் அப்படியே நின்றிருக்கிறார்கள்.

வண்ணாக் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். கை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் காசிமாயன் தாராவின் காலில் விழப் போனான். தாராவும் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் பனை. அவர் மனைவி பனைவெல்லம் கொண்டுவந்து ஓலையில் வைத்துக் கொடுத்தார். சீனித்தாய் ஒரு துண்டை வாயில் போட்டார். கண் கலங்கியது. "நம்ம கருப்பட்டிங்க" என்று புருஷனிடம் சொன்னார். தாராவின் மனைவியும், அது என்ன சொல் என்று தெரியாமலே, அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

அங்கிருந்து கிழக்கே, மேக்காங் ஆற்றங்கரை. உருண்டைத் தலை டால்பின்கள் அங்கே அபூர்வமாகத் தலைகாட்டும். படகை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் என்ஜினை நிறுத்தியதும், அது வரும்போது யாரும் மூச்சு விடக்கூடாது என்று வண்ணாக் சொன்னான். நாலு பேரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

அப்படி ஒரு அமைதியை வண்ணாக் எந்தப் பயணத்திலும் கேட்டதில்லை. படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. அப்பாடா, ஒரு பேச்சாவது சரியாகப் புரிந்ததே என்று நிம்மதியாகத் திரும்பினான். நாலு பேர் கன்னமும் உப்பிப்போய், முகமெல்லாம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. தீத்தாரப்பனின் கண்மணி மேலே செருகிக்கொண்டிருந்தது. வண்ணாக் வாயைத் திறப்பதற்குள், படகுக்குப் பக்கத்தில் டால்பின் ஒன்று பளபளவென்று முதுகைக் காட்டி, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

அது விட்டதும் இவர்களும் விட்டுவிட்டார்கள். தீத்தாரப்பன் படகுக்குள் மல்லாந்து விழுந்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து எல்லோர் மடியிலும் தண்ணீர். படகுக்காரர் என்னென்னவோ கத்தினார். வண்ணாக் தீத்தாரப்பனின் முகத்தில் ஆற்றுத் தண்ணீரை அடித்து அடித்து எழுப்பினான். ஆள் முழித்துக்கொண்ட பிறகுதான் கையை நிறுத்தினான்.

சீனித்தாய்க்கு மூச்சு வாங்கியது. ஆற்றைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நாங்க அடக்கிக்கிட்டுதான் தம்பி இருந்தோம். முதல்ல விட்டது அதுதான். அதை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

அன்றைக்குச் சாயங்காலம் வண்ணாக் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து இசக்கி மாஸ்டருக்கு போன் போட்டான். தனக்குத் தெரிந்தது தமிழே இல்லையோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாஸ்டர் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். "உன் தமிழ்ல ஒரு குத்தமும் இல்லடே. ஆளுகளைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்றுதான் சொன்னார். இனிமேல் பேச்சு வழக்கே வேண்டாம், ஒவ்வொரு சொல்லையும் உள்ளது உள்ளபடி வைத்துவிட வேண்டும் என்று வண்ணாக் முடிவு கட்டினான். அடுத்தது யானைக்காடு. அங்கே போய் ஏதாவது ஆனால் செங்கல் சூளையோடு நிற்காது.

மொண்டுல்கிரி மலைக்காட்டில், முன்பு மரம் இழுத்து ஓய்ந்த யானைகளைச் சும்மா மேய விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு கிழ யானை மட்டும் கொஞ்சம் வம்பு. யாராவது முகத்தை நேருக்கு நேர் பார்த்தாலோ கையை ஆட்டினாலோ அதற்கு ஆகாது. வண்ணாக் நாலு பேரையும் மூங்கில் புதர் ஓரத்தில் நிறுத்தி, நிதானமாகச் சொன்னான். ஓடக் கூடாது, கத்தக் கூடாது, யானை பக்கத்தில் வந்தால் சிலை மாதிரி நிற்க வேண்டும். நாலு பேரும் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். இதில் தப்பாகப் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று அவன் பாகனைத் தேடிப் போனான்.

"சிலை எப்படி நிக்கும்?" என்றான் தீத்தாரப்பன்.

"அன்னிக்குக் கோயில்ல நாமதான் கண்ணை மூடிட்டோமே" என்றார் சீனித்தாய்.

"நம்மள்ல இவன் ஒருத்தன்தான் தொட்டே பார்த்திருக்கான். முட்டினது சிலைன்னு தம்பி அப்புறம் சொன்னாரே" என்று அண்ணாச்சி காசிமாயன் பக்கம் திரும்பினார். "ஏலே, அந்தப் பெரியவர் எப்படி நின்னாரு?"

காசிமாயன் யோசித்துப் பார்த்து, ஞாபகம் இருந்ததைச் செய்து காட்டினான். கையிரண்டையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, காலரைத் தூக்கித் தலையையும் உள்ளே விட்டு, உள்ளே இருந்தபடியே பொத்தானைப் போட்டுக்கொண்டான். மற்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். சீனித்தாய்க்குப் புடவை இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

வண்ணாக் பாகனோடு திரும்பி வந்தபோது, கிழ யானை ஏற்கெனவே புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதற்கு முன்னால் தலையில்லாத நாலு பேர் வரிசையாக நின்றார்கள். யானை நின்றது. பாகனும் நின்றுவிட்டார். கூப்பிட்டால் யானை மிரளும், ஓடிப்போய் இழுக்கவும் முடியாது. வண்ணாக் புத்தரையும் கோவில்பட்டியில் இருக்கிற அத்தனை சாமிகளையும் சேர்த்துக் கும்பிட்டான்.

யானை தும்பிக்கையை நீட்டி ஒவ்வொரு ஆளாக முகர்ந்தது. காசிமாயனிடம் வந்ததும் காலர் இடைவெளி வழியாகத் தும்பிக்கையின் நுனியை உள்ளே விட்டு, தலை எங்கே போனது என்று துழாவியது. நன்றாக ஒரு ஊது ஊதியது. சட்டை பலூன் மாதிரி உப்பி இறங்கியது. காசிமாயன் அசையவில்லை. யானை பெருமூச்சு விட்டு, தும்பிக்கையை வெளியே எடுத்து, அவன் தோளில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றுவிட்டது. காற்றில் மூங்கில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மரத்தை இழுத்து இழுத்து ஓய்ந்த அந்தப் பெரிய உடம்பு ஒரு மனுசன்மேல் சாய்ந்து நிற்பதைப் பார்த்துப் பாகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியாட்கள் கிட்டே அது இப்படி வந்ததே இல்லையாம்.

யானை தானாக விலகிக் காட்டுக்குள் போகிறவரை யாரும் அசையவில்லை. அப்புறம் காசிமாயனின் தலை மெல்ல வெளியே வந்தது. முகமெல்லாம் ஈரம்.

"தம்பி" என்றான், "யானை எப்ப வரும்?"

புனோம் பென்னுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் வண்ணாக்குக்குச் சூளை நினைப்புதான். கோயிலைப் பார்க்காமல், நாற்று நடாமல், யானையைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள். வெட்கத்தை விட்டுவிட்டு வேனிலேயே கேட்டான்.

"அண்ணாச்சி, எங்க சொபியாப் அம்மாகிட்ட என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் பின்சீட்டில் விவாதம் ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை, அதுவும் நல்லதாக இருக்க வேண்டும். லாபம் என்பதைவிட நல்ல வார்த்தை உண்டா என்றான் தீத்தாரப்பன். உத்தரவாதம் என்றார் அண்ணாச்சி. சோறு என்றான் காசிமாயன். சீனித்தாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒன்று சொன்னார். மற்ற மூவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

சொபியாப் அம்மையார் அலுவலக வாசலுக்கே வந்து, பயணம் எப்படி, பையன் எப்படி என்று விசாரித்தார். வண்ணாக் மொழிபெயர்த்தான். அண்ணாச்சி ஒரு அடி முன்னால் வந்து கைகூப்பினார்.

"கருப்பட்டி" என்றார். பின்னால் போய் நின்றுகொண்டார்.

அம்மையார் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. என்ன சொல்கிறார் என்று வண்ணாக்கைக் கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை. பனைவெல்லம் என்கிறார் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மையார் பிறந்தது கம்போங் ஸ்பூ. பனைவெல்லத்துக்குப் பேர் போன இடம். அவர் அம்மா பனைவெல்லம் காய்ச்சித்தான் பிள்ளைகளை வளர்த்தார். நன்று, பிரமாதம் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒரு ஆளை இப்படி யாரும் எங்களிடம் சொன்னதில்லை என்று நாலு பேருக்கும் தலை தாழ்த்தி வணங்கினார். வண்ணாக்கிடம், நாளையிலிருந்து வேலை நிரந்தரம் என்றார். அவன் அப்பாவின் சூளை அவனை விட்டு ரொம்ப தூரம் விலகிப் போனது.

விமான நிலையத்தில் வண்ணாக் ஒவ்வொரு பெட்டியையும் தானே இறக்கி வைத்தான். இத்தனை பாடு பட்டும், பிரிகிற நேரத்தில் அவர்களை விட அவனுக்கு மனசு வரவில்லை. சீனித்தாய் அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். காசிமாயன் அழுதேவிட்டான். வீட்டுக்கு வந்தவர்களிடம் வெறுமனே போங்க என்று சொல்வது மகாபாவம் என்று இசக்கி மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் வண்ணாக் கைகூப்பி, மனசார, "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றான்.

நாலு பேரும் வரிசையாக உள்ளே போனார்கள். வண்ணாக் எதிர்க்கடையில் குளிர்ந்த கரும்புச்சாறு ஒன்று வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தான். பல நாளைக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தது. ரொம்ப நேரம் கழித்துத் தலைக்கு மேலே விமானம் ஒன்று ஏறிப் போனது. நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று அதைப் பார்த்து மனசுக்குள் வாழ்த்தினான். மூன்றாவது கரும்புச்சாறு முடியும் நேரத்தில் முன்னால் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், பெட்டிகளோடு நாலு பேர்.

"போயிட்டு வந்துட்டோம் தம்பி" என்றார் அண்ணாச்சி.

வண்ணாக் வானத்தைக் காட்டினான்.

"அண்ணாச்சி, விமானம் போயிருச்சே."

"ஆமா தம்பி" என்றார் அண்ணாச்சி. "அதை யாரும் வரச் சொல்லலையே."